ஹைதர் அலியும் வழி விட்டவர்களும்

பழவேற்காட்டு ஏரிக்குத் தெற்கே, ஆரணியாற்றுக்கும் கொற்றலையாற்றுக்கும் இடைப்பட்ட தாழ்ந்த பூமியில், காட்டூர் என்று ஓர் ஊர் உண்டு. நெல்லும் மீனும் உப்புக் காற்றுமே அந்தப் பக்கத்தின் செல்வம். சரித்திர நூல்களில் தேடினால் அவ்வூரின் பெயர் எளிதில் அகப்படாது. ஆயினும் 1780-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் மறு ஆண்டு ஆகஸ்டு வரையில், ஏறக்குறைய ஓராண்டுக் காலத்துக்குள், அவ்வூரிலிருந்து ஒரு நாள் நடைக்கு உட்பட்ட தூரத்தில் இரண்டு கும்பினிப் படைகள் வடக்கேயிருந்து வந்து சேர்ந்தன. முதலாவது குண்டூரிலிருந்து வந்தது. கொற்றலையாற்றின் வெள்ளத்தில் தடைப்பட்டுப் பின்னர் அடியோடு அழிந்தது. இரண்டாவது வங்காளத்திலிருந்து வந்தது. ஒருவரும் மறிக்காமல் பழவேற்காட்டை அடைந்து சென்னையைக் காப்பாற்றியது. முதற் படை அழிந்ததற்கும் இரண்டாம் படை தப்பியதற்கும் இடையே ஹைதர் அலியின் ஏற்றமும் இறக்கமும் அடங்கிக் கிடக்கின்றன. ஹைதரைப் பற்றி எழுதுவோர் அவர் போர்களையே பேசுவது வழக்கம். நாம் இன்று அவர் காத்த வழிகளையும், அவர் கைக்கு அகப்படாமற்போன ஒரு வழியையும் பேச எண்ணுகிறோம்.

யுத்தம் என்பது வாளினால் மட்டும் நடப்பதன்று. அரிசி வேண்டும், மாடு வேண்டும், மருந்தும் குண்டும் வேண்டும்; அவற்றைக் கொண்டுவர வழி வேண்டும். போர் புரியும் இருவருக்கும் நடுவே, போரில் கலவாத மூன்றாமவன் நாடு கிடக்குமானால், அவன் நாட்டு வழியை யார் பெறுவது என்பதே பாதி யுத்தமாகி விடுகிறது. ஐரோப்பியச் சட்ட நிபுணர்கள் இதைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்து தேசத்து வாட்டல் என்பவர் 1758-இல் வெளியிட்ட நூலில், நடுநிலைமை வகிப்பவனுடைய நாட்டின் வழியே படை நடத்த விரும்புவோன் முன்னதாக அவனிடம் இசைவு கேட்டாக வேண்டும் என்று வரையறுத்தார். 1907-ஆம் ஆண்டு ஹேக் நகரத்து உடன்படிக்கையோ இன்னும் ஒரு படி மேலே சென்று, நடுநிலைமை நாட்டின் நிலத்தின் வழியே படைகளையாவது யுத்த தளவாடங்களையும் உணவுப் பொருள்களையும் ஏற்றிய வண்டித் தொடர்களையாவது நடத்தவே கூடாது என்று விலக்கி விட்டது. ஆனால் 1941 ஆகஸ்டு மாதத்தில், ருஷ்யாவுக்குச் சாமான் அனுப்பும் பாதையும் ரெயிலும் தேவைப்பட்டபோது, நடுநிலைமை வகித்த ஈரானுக்குள் பிரிட்டனும் ருஷ்யாவும் ஒரே நாளில் புகுந்தன. உடன்படிக்கை பின்னர் 1942 ஜனவரியில்தான் எழுதப்பட்டது. முதலில் வழியை எடுத்துக்கொண்டு பிறகு காகிதத்தில் ஒப்புதல் வாங்கும் முறை அன்று புதிதாகத் தோன்றியதன்று. ஹைதர் அதை நன்றாக அறிந்தவர்.

வாட்டலையும் அவருக்கு முன்னிருந்தவர்களையும் ஹைதர் படித்தவரல்லர், படிக்கவே தெரியாதவர். தம் பெயரின் முதலெழுத்து ஒன்றை மட்டும் கீறிக் கையொப்பமாக வைப்பார். ஆனால் வழி என்பது யாருடையது என்பதை அறிய எழுத்தறிவு வேண்டுவதில்லை. பழவேற்காட்டு ஏரியில் எந்த நாளில் எந்தக் குப்பத்தாருக்கு எந்தப் பாடு என்று சீட்டுப் போட்டு வகுத்துக்கொள்ளும் மீனவர், பிறன் பாட்டில் கேளாமல் வலை இறக்கினால் என்ன நேரும் என்பதை எந்த நியாயாதிபதிக்கும் எடுத்துச் சொல்வார்கள். ஹைதரின் சட்ட ஞானம் அந்த வகையைச் சேர்ந்தது.

அவர் கோலார்ச் சீமையில் பூதிக்கோட்டையில், 1720-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்தார். தகப்பனார் பதே முகமது படைத் தொழிலில் உயிர் துறந்தபோது ஹைதர் சிறு குழந்தை. குடும்பம் கடன்காரர்களிடம் பட்ட துன்பம் அவர் நெஞ்சில் இறுதிவரை இருந்தது என்பர். மைசூர்ப் படையில் சேர்ந்து, 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் கண்ணுக்குத் தெரியும்படி உழைத்து, 1755-இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தார். தமிழ்நாட்டார் அவரை அறிந்தது அப்பொழுதிலிருந்துதான். திண்டுக்கல்லில் அவர் பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்துப் பீரங்கிப் பட்டறை ஏற்படுத்தினார். பட்டறைக்கு இரும்பும் மருந்தும் எங்கிருந்து வரும், எந்தக் கணவாய் வழியாக வரும் என்ற கவலை அன்று தொடங்கியது. அது அவரை ஆயுள் முழுதும் விடவில்லை.

1760-இல் இங்கிலீஷ்காரர் புதுச்சேரியை நெருக்கியபோது, பிரெஞ்சுத் தளகர்த்தர் லாலி மைசூருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். மைசூர் குதிரைப் படையும், கூடவே தானியமும் கால்நடையும் புதுச்சேரிக்குப் போகவேண்டும். பதிலுக்குத் தியாகதுர்க்கக் கோட்டை மைசூருக்கு. ஹைதர் படையை அனுப்பினார். ஆனால் அந்தச் சமயத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கண்டேராவ் அவருக்கு எதிராகக் கிளம்பவே, தம் உயிரைக் காத்துக்கொள்ளப் பெங்களூருக்கு ஓட நேர்ந்தது, படையும் திரும்பிற்று. புதுச்சேரி 1761 ஜனவரியில் பசியினால் வீழ்ந்தது. ஒரு கோட்டைக்குச் சோறு போகும் வழி அடைபட்டால் அதன் மதிலும் பீரங்கியும் எதற்கும் உதவா என்பதை அவர் கண்ணெதிரே கண்டார்.

அதன் பிறகு அவர் மைசூரின் அதிகாரி ஆனதும், 1763-இல் பெத்னூரையும் அதன் துறைமுகமான மங்களூரையும் பிடித்ததும், 1766-இல் மலையாளத்தில் இறங்கியதும் யாவரும் அறிந்தவை. முதல் யுத்தத்தின் முடிவில், 1769 மார்ச்சுக் கடைசியில், பரங்கிமலை வரையில் தம் குதிரைப் படையைக் கொண்டுவந்து நிறுத்தி, சென்னைக் கவுன்ஸில்காரரைத் தம் விருப்பப்படி சமாதானம் செய்ய வைத்தார். ஏப்ரல் மாதத்து அந்த உடன்படிக்கையில், ஒருவரை வேறொருவர் தாக்கினால் மற்றவர் துணை வரவேண்டும் என்று கண்டிருந்தது. மறு வருஷமே மகாராஷ்டிரர் மைசூரின்மேல் பாய்ந்தனர். ஹைதர் துணை கேட்டார், மீண்டும் கேட்டார். சென்னையிலிருந்து ஒரு சிப்பாயும் வரவில்லை. நாம் தொழில் முறையில் எத்தனையோ ஒப்பந்தப் பத்திரங்களைப் பார்த்திருக்கிறோம். இதைவிடத் தெளிவான மீறுதலைக் கண்டதில்லை.

இனி 1778-க்கு வருவோம். ஐரோப்பாவில் பிரெஞ்சுக்காரருக்கும் இங்கிலீஷ்காரருக்கும் யுத்தம் மூண்டது. செய்தி இங்கே எட்டியதும் சென்னை சர்க்கார் புதுச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் பிடித்தது. ஹைதர் இந்த யுத்தத்தில் எவர் பக்கமும் சேரவில்லை. ஆனால் அவருக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் ஐரோப்பிய வேலைக்காரர்களும் வந்து சேர்ந்தது, மலையாளக் கரையில் பிரெஞ்சுக்காரருக்கு எஞ்சியிருந்த மாஹி என்ற சிறு துறைமுகத்தின் வழியாக. மாஹியில் இறங்கும் சரக்கு மலைத்தொடரைத் தாண்டித் தரைவழியே ஸ்ரீரங்கப்பட்டணம் சேரும். அந்தத் துறை தம் பாதுகாப்பில் இருப்பதென்றும், அதைத் தொட்டால் தாம் கர்நாடகத்தில் புகுவதாகவும் அவர் சென்னைக்கு அறிவித்தார். அப்படியிருந்தும் 1779 மார்ச்சு 19-ஆம் தேதி கர்னல் பிரெயித்வெயிட் மாஹியைப் பிடித்துக்கொண்டார். கோட்டையின்மேல் பிரெஞ்சுக் கொடியோடு ஹைதரின் கொடியும் பறந்ததாகச் சொல்வார்கள்.

இந்த மாஹி வழக்கில் ஹைதரின் பக்கம் முழு நியாயமும் இருந்ததென்று நாம் வாதாட மாட்டோம். மாஹி பிரெஞ்சுக்காரருடைய ஊர். அவர்கள் யுத்தத்தில் இருப்பவர்கள். எதிரியின் துறைமுகத்தைத் தாக்குவது யுத்த தர்மத்துக்கு விரோதமன்று. சுற்றியிருந்த நாட்டரசர்கள் ஹைதருக்குக் கப்பம் கட்டுவோர் என்பதனால் மாஹி அவருடையதாகி விடாது. அவருக்கு அது பிராண வழி என்பது உண்மை. பிராண வழி என்பது வேறு, உரிமை என்பது வேறு. தேசாபிமானத்தினால் சட்டத்தைத் திரித்துப் பேசுவது நமக்குப் பெருமை தராது. ஆனால் அதே ஆண்டில் நடந்த குண்டூர் விவகாரத்தில் இத்தகைய சந்தேகம் சிறிதும் இல்லை.

குண்டூர் அப்பொழுது நிஜாமின் சகோதரர் பசாலத் ஜங்கின் ஜாகீர். அவர் இருப்பிடமோ வெகு தூரத்திலுள்ள ஆதோனி. அவரிடம் ஒரு பிரெஞ்சுப் படை சம்பளத்துக்கு இருந்தது. சென்னைக் கவர்னர் சர் தாமஸ் ரம்போல்டு 1779-இல் பசாலத் ஜங்குடன் தனியாக ஓர் ஏற்பாடு செய்தார்: பிரெஞ்சுக்காரரை நீக்கிவிட வேண்டியது, குண்டூரை இங்கிலீஷ்காரருக்குக் குத்தகைக்கு விடவேண்டியது, ஆதோனியைக் காக்கக் கும்பினிப் படை வரும் என்பது. நிஜாமுக்குத் தெரியாமல் நிஜாமின் தம்பியுடன் செய்த ஒப்பந்தம் இது. அது போதாதென்று, வாங்கிய குண்டூரை ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு மறு குத்தகை விட்டார்கள். ஹைதருக்கு இவ்வுலகில் முகமது அலியைவிட வேண்டாதவர் இல்லை.

குண்டூரிலிருந்து ஆதோனிக்குப் படை போக வேண்டுமானால் இடையில் கடப்பைச் சீமை இருக்கிறது. அந்தச் சீமையை ஹைதர் அண்மையில்தான் வென்று தம்முடையதாக்கிக்கொண்டிருந்தார். கர்னல் ஹார்ப்பர் என்பவர் தலைமையில் ஒரு படை அவ்வழியே புறப்பட்டது. வழி விடும்படி ஹைதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கடிதமும் இல்லை. ஒரு வக்கீலும் போகவில்லை. யுத்தத்தில் கலவாத ஓர் அரசருடைய நாட்டை, ஊர்ப் பொதுப் பாதையைப்போல் கருதிச் சிப்பாய்களையும் வண்டிகளையும் அனுப்பிவிட்டார்கள். மலைக் கணவாயில் போய்ப் பார்த்தால் முன்னும் பின்னும் ஹைதரின் ஆட்கள். ஹார்ப்பர் வந்த வழியே திரும்பினார். அங்கே ஒரு சண்டையும் நிகழவில்லை. எதிரியைக் கொல்லாமல் வழியை மட்டும் அடைத்து, இது என் நிலம் என்று காட்டிய இந்தச் செயலை, ஹைதர் தம் வாழ்நாளில் செய்த காரியங்களில் மிக நேர்த்தியானதாக நாம் மதிக்கிறோம். எழுத்தறியாத அவர் செய்ததும், வாட்டல் அச்சிட்டு வைத்ததும் ஒன்றே.

சென்னையில் இதன் பொருள் விளங்கியதாகத் தெரியவில்லை. ஹைதரின் மனத்தை அறிந்து வரும்படி தஞ்சையிலிருந்த பாதிரியார் ஷ்வார்ட்ஸை 1779-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஜெர்மானியர் தமிழும் பிற பாஷைகளும் அறிந்தவர், பேராசையற்றவர். ஹைதர் அவரை மரியாதையாக வைத்துப் பேசி, வழிச் செலவுக்கு முந்நூறு ரூபாயும் கொடுத்தனுப்பினார். பாதிரியார் அந்தப் பணத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் சென்னை சர்க்காரிடம் ஒப்புவித்தார் என்றால், அக்காலத்துச் சென்னை உத்தியோகஸ்தர்களுக்கு அது எத்துணை விநோதமாய்த் தோன்றியிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். 1780-இல் கிரே என்ற மற்றொரு தூதர் வெகுமதிகளுடன் சென்றார். ஹைதர் வெகுமதியைத் திருப்பி அனுப்பினார். அதற்குள் அவர் தீர்மானம் முடிந்து போயிற்று.

அந்தத் தீர்மானம் அவர் தனியே செய்ததன்று. பூனாவில் நானா பட்னவீஸ் ஒரு பெரிய கூட்டு உறவைப் பின்னிக்கொண்டிருந்தார். மகாராஷ்டிரர், நிஜாம், ஹைதர், நாகபுரி போன்ஸ்லே ஆகிய நால்வரும் நான்கு திசையில் ஒரே காலத்தில் கும்பினியைத் தாக்குவது. கர்நாடகம் ஹைதருக்கு, வங்காளம் போன்ஸ்லேக்கு என்பது ஏற்பாடு. ஒருவரையொருவர் நேற்றுவரை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் இவ்வாறு கூடியது சாமானியமான காரியமன்று. குண்டூரில் கும்பினி செய்த வஞ்சகமே நிஜாமை இதில் சேர்த்தது.

1780 ஜூலையில் ஹைதர் செங்கம் கணவாயின் வழியே இறங்கினார். எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட படை. பரங்கிப்பேட்டை கொள்ளையாயிற்று, ஆகஸ்டில் ஆற்காடு முற்றுகையாயிற்று. சென்னையில் ஜெனரல் மன்றோ காஞ்சீபுரத்துக்குப் போய், குண்டூரிலிருந்த படையைத் தம்முடன் வந்து சேரும்படி சொல்லியனுப்பினார். அந்தப் படை இப்பொழுது கர்னல் பெய்லியின் கீழ் இருந்தது. அது ஆகஸ்டு மூன்றாம் வாரத்தின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்து, 25-ஆம் தேதி வாக்கில் கொற்றலையாற்றின் வடகரையில் தங்கிற்று. ஆறு அன்று மணலாய்க் கிடந்தது. அன்றே கடந்திருந்தால் காரியம் வேறாயிருக்கும். மேற்கே மழை பெய்து இரவில் வெள்ளம் வந்துவிட்டது. காட்டூர்ப் பக்கத்துக் குடியானவன் எவனைக் கேட்டிருந்தாலும், ஆடி கழிந்த பிறகு இந்த ஆற்றை நம்பி ஓர் இரவு தூங்கக்கூடாதென்று சொல்லியிருப்பான். செப்டம்பர் முதல் வாரத்தில்தான் பெய்லியால் ஆற்றைக் கடக்க முடிந்தது. அதற்குள் ஹைதருக்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிட்டது. 6-ஆம் தேதி பேரம்பாக்கத்தருகே திப்பு எதிர்ப்பட்டார். 10-ஆம் தேதி பொள்ளிலூரில், மன்றோ சில மைல் தூரத்தில் இருக்கும்போதே, பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சூழ்ந்தனர். மருந்து வண்டிகள் வெடித்தன. சுமார் 3,700 பேர் கொண்ட படை அழிந்தது. உயிர் பிழைத்த ஐரோப்பியர் இருநூறு பேரளவில் பெய்லியோடு கைதிகளாயினர். மன்றோ பெரிய பீரங்கிகளைக் காஞ்சீபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரைச் சித்திரமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள், போகிறவர்கள் பார்க்கலாம்.

கேளாமல் கடப்பை வழியாகப் புகுந்து திரும்பிய குண்டூர்ப் படைக்கு நேர்ந்த முடிவு இது.

வெற்றிக்குப் பின் ஹைதர் செய்ததை நாம் மறைக்க விரும்பவில்லை. கும்பினிப் படைக்கு ஒரு மூட்டை அரிசியும் ஒரு ஜோடி மாடும் கிடைக்கக்கூடாதென்று, சென்னையைச் சுற்றிலும் நாட்டை வெறுமையாக்கினார். கிராமங்கள் எரிந்தன, ஏரிகள் உடைபட்டன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. யுத்த தந்திரம் என்ற முறையில் அது பலித்தது. ஆனால் பட்டினி கிடந்தவர் கோட்டைக்குள்ளிருந்த துரைமார் அல்லர்; தொண்டை மண்டலத்துக் குடிகள். 1782-இல் சென்னையில் பஞ்சத்துக்காகத் திறந்த கஞ்சித் தொட்டியே பின்னர் மணியக்காரர் சத்திரமாயிற்று. ஸ்டான்லி ஆஸ்பத்திரியைச் சென்னை ஜனங்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைத்ததன் மூலம் இதுதான். ஹைதரைப் போற்றுகிறவர்கள் அந்தப் பெயரையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நியாயம்.

தரைவழி யாவும் அடைபட்டன. கடல்வழி ஒன்றே திறந்திருந்தது. அதை அடைக்க ஹைதரிடம் கப்பல் இல்லை. 1780 நவம்பரில் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்திலிருந்து சர் அயர் கூட்டைப் பதினைந்து இலட்சம் ரூபாயோடு கப்பலில் அனுப்பினார். கூட் படையோடு தெற்கே போனார். 1781 பிப்ரவரியில் கூடலூர் அருகே அகப்பட்டுக்கொண்டார். ஒரு பக்கம் ஹைதர். மறு பக்கம் கடலில் தோர்வ் என்ற பிரெஞ்சுத் தளபதியின் கப்பல்கள். கூட்டின் பாளையத்தில் சில நாளைக்கே அரிசி. தோர்வ் இன்னும் சில வாரம் நின்றிருந்தால் போதும். ஹைதர் எவ்வளவோ வேண்டிக்கொண்டார். அந்தப் புண்ணியவான் தம் கப்பல்களுக்குத் தண்ணீரில்லை, உணவில்லை என்று காரணம் சொல்லிப் பாய் விரித்துப் போய்விட்டார். சென்னை அரிசி மறுபடியும் கடல் வழியே கூடலூருக்கு வந்தது. ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டையில் கூட் வென்றார்.

ஆனால் கூட்டுக்கு ஆள் பற்றவில்லை. வங்காளச் சிப்பாய்களைக் கப்பலேற்றுவதும் எளிதன்று. கடல் கடந்தால் ஜாதி போகும் என்று அவர்கள் ஏற மாட்டார்கள். ஆகவே மிதுனபுரியிலிருந்து சென்னைக்குக் கால்நடையாக வரவேண்டும். ஏறக்குறைய ஆயிரம் மைல். நடுவில் ஒரிஸா. ஒரிஸா நாகபுரி போன்ஸ்லேயுடையது. போன்ஸ்லேயோ ஹைதரின் கூட்டாளி. அதுமட்டுமன்று, அவர் மகன் சிம்னாஜி பெரிய குதிரைப் படையோடு வங்காளத்தைத் தாக்கவென்று புறப்பட்டுக் கட்டாக்கில் வந்து உட்கார்ந்திருந்தார். கணக்குப்படி பார்த்தால் அந்த வழியில் ஒரு கும்பினிச் சிப்பாயும் கால் வைக்க முடியாது.

ஹேஸ்டிங்ஸ் அந்தக் கணக்கை நம்பவில்லை. நாகபுரியில் முதோஜி போன்ஸ்லே கூட்டுறவில் சேர்ந்தது பூனாவுக்கு அஞ்சி; அவருக்கு வங்காளத்தின்மேல் படையெடுக்க மனமில்லை; மனமில்லாததை ஹேஸ்டிங்ஸுக்கே இரகசியமாகத் தெரிவித்தும் விட்டார். 1779 அக்டோபரில் கிளம்பிய சிம்னாஜி, கட்டாக் வந்து சேரும்போது 1780 மே. இது படையெடுப்பா, தீர்த்த யாத்திரையா என்று கேட்கலாம். படைக்குச் சம்பளம் பாக்கி நின்றது. ஹேஸ்டிங்ஸ் முதலில் ஒரு தொகையை அனுப்பிக் கைநனைத்தார். கர்னல் பியர்ஸ் சுமார் ஐயாயிரம் சிப்பாய்களோடு 1781 ஜனவரியில் மிதுனபுரியை விட்டு நடக்கத் தொடங்கினார். டேவிட் ஆண்டர்ஸன் கட்டாக்குக்குப் பேச்சு நடத்தப் போனார். ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்தது: பதின்மூன்று இலட்சம் ரூபாய் ரொக்கம், பத்து இலட்சம் கடன். சிம்னாஜி போர் செய்யவில்லை. படைக்கு வழி கிடைத்தது. ஹார்ப்பரைப்போல் கேளாமல் புகுந்து மாட்டிக்கொள்வதைவிட, கேட்டு, விலை பேசி, பணம் கொடுத்துப் போவது மேல் என்பதைக் கும்பினி இரண்டாண்டுக்குள் கற்றுக்கொண்டது. இதே காலத்தில் குண்டூரைத் திருப்பிக் கொடுக்கச் செய்து நிஜாமையும் ஹேஸ்டிங்ஸ் சாந்தப்படுத்தி விட்டார். நால்வரில் இருவர் இவ்வாறு கழன்றனர்.

நடுநிலைமை என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள்? போன்ஸ்லே ஹைதருக்கு எதிராக ஓர் அம்பும் எய்யவில்லை. இங்கிலீஷ்காரருக்கு நண்பரென்று அறிவிக்கவுமில்லை. சும்மா இருந்தார். ஆனால் சும்மா இருப்பதற்கு விலை வாங்கினார். அந்த விலையில் வழியும் அடங்கியிருந்தது. ஒருவனுக்கு மட்டும் வழி விட்டு, மற்றவனை அழிக்க அவன் போகிறான் என்பதையும் அறிந்திருப்பவன், எந்தச் சட்டத்தின்படியும் நடுநிலைமைக்காரன் ஆகமாட்டான். கடப்பையில் ஹைதர் அடைத்த வழியையும் கட்டாக்கில் சிம்னாஜி திறந்த வழியையும் அருகருகே வைத்துப் பார்க்கிறபோது நமக்கு உண்டாகும் மனவருத்தத்தை மறைக்க நாம் முயலவில்லை.

பியர்ஸின் படைக்கு வழியில் மனிதர் செய்யாத தடையை வியாதி செய்தது. மார்ச்சு மாதம் கஞ்சம் பிரதேசத்தில் வாந்திபேதி தோன்றி, ஒரே நாளில் ஐந்நூறுக்கு மேற்பட்டவர் ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் விழுந்தார்கள். மீதியிருந்தவர்கள் நடந்துகொண்டே வந்தார்கள். ஜூலைக் கடைசியில் நெல்லூர்ச் சீமையைத் தாண்டினர். ஹைதர் இந்தச் சேர்க்கையின் ஆபத்தை உணர்ந்து, திப்புவை வடக்கே அனுப்பி வழியில் மறிக்கச் சொன்னார். பியர்ஸ் பெருவழியை விட்டுப் பழவேற்காட்டு ஏரிப் பக்கமாக ஒதுங்கி வந்தார். கூட்டும் சென்னையிலிருந்து பழவேற்காடு வரையில் எதிர்கொண்டு சென்றார். 1781 ஆகஸ்டு முதல் வாரத்தில் இரு படைகளும் அங்கே கூடின. ஏரிக்கரைக் குப்பங்களின் ஜனங்கள், சென்ற ஆண்டு வெள்ளத்தில் தவித்த படையைக் கேள்விப்பட்டவர்கள், இந்த ஆண்டு தங்கள் வாசலிலேயே கூடாரம் அடித்த படையைக் கண்டார்கள்.

பழவேற்காட்டிலும் அப்பொழுது ஒரு மாறுதல் நிகழ்ந்திருந்தது. 1613 முதல் அங்கே டச்சுக்காரரின் கெல்டிரியாக் கோட்டை இருந்தது. இங்கிலீஷ்காரரும் ஹைதரும் மோதிய முதற்சில மாதங்களில் டச்சுக்காரர் எவர் பக்கமும் சேராத வியாபாரிகள். 1780 டிசம்பரில் ஐரோப்பாவில் அவர்கள்மேலும் இங்கிலாந்து யுத்தம் அறிவித்தது. செய்தி வந்ததும் 1781-இல் பழவேற்காடு கும்பினியின் வசமாயிற்று. செப்டம்பரில் நாகப்பட்டினத்து டச்சுக்காரர் ஹைதருடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். நவம்பரில் நாகப்பட்டினமும் போயிற்று.

புதிய பலத்தோடு கூட் ஆகஸ்டு 27-ஆம் தேதி, பெய்லி அழிந்த அதே பொள்ளிலூரில் போரிட்டார். வெற்றி தோல்வி இன்னதென்று சொல்ல முடியாத போர் அது. அடுத்த மாதம் சோளிங்கரில் ஹைதருக்குச் சேதம் அதிகம். ஆயினும் அவர் ஒடிந்துபோகவில்லை. 1782 பிப்ரவரியில் கொள்ளிடக் கரைப் பக்கத்தில் திப்பு, மாஹியைப் பிடித்த அதே பிரெயித்வெயிட்டைச் சிறைப்படுத்தினார். ஜூலையில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரேன் கூடலூருக்கு வந்து ஹைதரைக் கண்டார். கடல் வழியை அடைக்கத் தெரிந்த மனிதர் கடைசியில் வந்தார். ஆனால் ஹைதருக்கு எஞ்சியிருந்தவை ஐந்து மாதங்களே. மே மாதத்தில் சால்பாயில் மகாராஷ்டிரரும் கும்பினியோடு சமாதானம் செய்துகொண்டு விட்டார்கள். நால்வர் கூட்டில் யுத்தம் செய்துகொண்டிருந்தவர் ஹைதர் ஒருவரே.

முதுகில் தோன்றிய ராஜப்பிளவை நோயினால் 1782 டிசம்பர் 7-ஆம் தேதி, சித்தூருக்கு அருகேயுள்ள நரசிங்கராயன்பேட்டைப் பாளையத்தில் அவர் காலமானார். திப்பு அப்பொழுது மலையாளத்தில் இருந்தார். பூர்ணையாவும் கிருஷ்ணராவும் மரணத்தை வெளியிடாமல், உடலைப் பெட்டியில் வைத்து, பொக்கிஷம் போகிறதென்று காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். படை கலையவில்லை. திப்பு வந்து சேர்ந்தார். பின்னர் அவ்வுடல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடக்கம் செய்யப்பட்டது. யுத்தம் 1784 மார்ச்சு 11-ஆம் தேதி மங்களூர் உடன்படிக்கையோடு நின்றது.

பியர்ஸின் சிப்பாய்கள் வந்த வழியே கட்டாக் மார்க்கமாகத் திரும்பி 1785 தொடக்கத்தில் வங்காளம் சேர்ந்தார்கள். போனவர்களில் பாதிப்பேர்கூட மீளவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1803-இல், கஞ்சத்திலிருந்து மற்றொரு கும்பினிப் படை அதே வழியில் வடக்கே நடந்தது. இம்முறை எவரிடமும் வழி கேட்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை. அக்டோபர் 14-ஆம் தேதி கட்டாக்கின் பாராபதிக் கோட்டை வீழ்ந்தது. டிசம்பர் 17-ஆம் தேதி தேவ்காமில், முதோஜியின் மகன் ரகோஜி போன்ஸ்லே ஒரிஸாவைக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தார்.